ரெண்டு விசில் வந்தால் எழுந்திருக்கணும்

1

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மெயிலில் ஒரு அழைப்பு வந்தது. அடுத்த மாதம் ஆரோக்கிய வாரமாம். பழச்சாறு, கண் பரிசோதனை, யோகா எல்லாம் உண்டு. கூடவே, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் நடுநடுவில் ஏன் எழுந்து நடக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேச ஒரு ஆளும் வேண்டும். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்திருந்தாள் ஷோபா.

ஷோபா எனக்குப் பக்கத்து சீட். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாள்.

"நீதானடி அரை மணிக்கு ஒரு தரம் சும்னே எழுந்து ஓடுறே. உன்னை உட்டா வேற யாரு பேசறது?" என்றாள். சும்னே என்றால் இங்கே சும்மா.

எதற்கும் முதலில் கை தூக்கிவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆள் நான். மாரத்தான், மரம் நடுவது, சனிக்கிழமை கன்னட வகுப்பு என்று எல்லாப் பட்டியலிலும் என் பெயர் இருக்கும். இதற்கும் உடனே சரி என்று பதில் போட்டேன். ஸ்லைடு தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் திரை மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. அப்பா இந்த ஊரில் வந்து இறங்கி அன்றோடு சரியாக இரண்டு வருஷம்.

அதற்கு மேல் ஸ்லைடு நகரவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பெங்களூருக்குப் போனதையெல்லாம் புலம்பெயர்ந்தது என்றால் சிரிப்பீர்கள். திருப்பத்தூரில் காலை டிபனை முடித்து ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா வந்த பிறகுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது.

2

அப்பா முப்பது வருஷம் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருப்பத்தூரிலிருந்து மலையடிவாரத்து ஊர்களுக்குப் போய்த் திரும்புகிற வண்டி. கண்டக்டருக்கென்று பின்பக்கப் படிக்கட்டோரம் ஒரு சீட் உண்டு. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற யாரையாவது அதில் உட்கார வைத்துவிடுவார். யாரும் இல்லையென்றால் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும்.

வாயில் எப்போதும் விசில். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் போகலாம். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்பாவுக்கு அது வெறும் சத்தமில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விசில் வருவதற்கு முன்னால் டிரைவர் வண்டியை எடுத்துவிட, இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கீழே விழுந்து கால் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை டிரைவர்கள் மாறினாலும் முதல் நாள் அவர் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு விசில் வராம வண்டி நகரக் கூடாது. அது இன்னா அவசரமா இருந்தாலும் சரி."

நின்றே வாழ்ந்த மனிதருக்கு மகளைப் பற்றி ஒரே ஒரு ஆசை இருந்தது. நான் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகணும். நம் ஊரில் நல்ல வேலைக்கு வேறு பெயரே கிடையாதே. சம்பளம் என்ன, எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் 'உக்காந்து பாக்குற வேலைதானே' என்றுதான் கேட்பார்கள். எனக்கு இங்கே, மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற கம்பெனியில் வேலை கிடைத்தபோது, பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். "எம் பொண்ணு பெங்களூர்ல ஏசில உக்காந்து வேலை பாக்குது."

உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்.

3

அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லை. வேலையை விட வைத்து இங்கே பொம்மனஹள்ளிக்கு அழைத்து வந்தேன். இரண்டாவது மாடி, லிப்ட் இல்லை, ஒரு ஹால், ஒரு அறை. பால்கனியில் நின்றால் எதிர் வீட்டுப் பால்கனி.

சர்க்கரை ஏற்கனவே இருந்தது. அதனால் வந்த மறுநாளே திட்டம் போட்டுவிட்டேன். காலையில் இரண்டு பேரும் பார்க்குக்குப் போவது. நான் ஓட, அவர் நடக்க. ஒரு மணி நேரம். அவருக்குப் புது ஷூ. என் கையில் அடிகளை எண்ணுகிற வாட்ச். திரும்பி வந்து இட்லி. பிறகு அவரை சோபாவில் உட்கார வைத்து, டிவியைப் போட்டுக் கொடுத்து, "நீ உக்காருப்பா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விடுவேன்.

அவர் எழுந்தார்தான் முதலில். தெருவுக்குப் போனார். போர்டெல்லாம் கன்னடம். சர்வீஸ் ரோட்டில் நடைபாதை பாதி தூரத்தில் காணாமல் போய்விடும். ஒரு நாள் திரும்ப வேண்டிய தெருவைத் தவறவிட்டு ஓசூர் ரோட்டோரம் நின்றிருந்தார். நான் ஆபீஸிலிருந்து ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். பார்க்கையும் பத்து மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். "இனிமே தனியா எங்கயும் போகாதப்பா" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

கீழ் வீட்டில் இருப்பவர் எங்கள் வீட்டின் சொந்தக்காரர் ஜெயம்மா. நல்ல மனுஷி. அப்பா படியிறங்கினாலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளி அங்கிள், கூத்கொள்ளி" என்பார். அப்பா ஒரு நாள் மெதுவாக என்னிடம் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு எம்மேல இன்னா கோவம்?"

"ஏன்பா?"

"பாக்குறப்பல்லாம் கூத்துங்குது, கொள்ளிங்குது. நானும் கும்புட்டுட்டு மேல வந்துடுறேன்."

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உட்காருங்கள் என்று சொல்கிறார் என்று விளக்கினேன்.

"இந்த ஊர்ல எல்லாரும் அதையேதான் சொல்றீங்க" என்றார் அப்பா.

அன்றைக்கு அதையும் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டு, ஆபீஸில் ஷோபாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

4

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. சர்க்கரை குறையவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு நாள் கூடத் தவறாமல் நடந்திருக்கிறோம். பொம்மனஹள்ளியிலேயே ஒரு சின்ன கிளினிக், தர்மபுரிக்கார டாக்டரம்மா. என் வாட்சில் இருந்த கணக்கையெல்லாம் அவரிடம் காட்டினேன்.

"காலையில ஒரு மணி நேரம் நடக்கறாரு. நல்லது. அதுக்கப்புறம்?"

"அப்புறம் ரெஸ்ட் டாக்டர்."

"எவ்ளோ நேரம் ரெஸ்ட்?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா சொன்னார்: "இந்தப் பொண்ணு ஆபீஸ் போயி வர்ற வரைக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நடந்தது வீண்னு சொல்லல. ஆனா மீதி நாள் பூரா அசையாம உக்காந்துட்டா, காலையில நடந்ததோட பலன் முழுசா உடம்புல சேராது. கால் சதை வேலை செஞ்சாத்தான் சாப்பிட்ட சர்க்கரைய அது இழுத்துக்கும். மணிக்கணக்கா சும்மா இருந்தா அது தூங்கிடும். அரை மணிக்கு ஒரு தடவை, ரெண்டு நிமிஷம் எழுந்து வீட்டுக்குள்ளயே நடந்தா போதும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும்தான். காலையில ஓடிட்டா ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஓடிச் சேர்த்ததை நாள் முழுக்க உட்கார்ந்து செலவழிக்கலாம் என்று. அன்று வீட்டுக்கு வந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும், எவ்வளவு நடந்தால் போதும் என்பதில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. ஆனால் நீண்ட நேரம் ஒரே இருப்பாக இருக்காதே, உடற்பயிற்சி செய்கிறவனாக இருந்தாலும் நடுவில் அதை உடைத்துவிடு என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

மறுநாளே அப்பாவின் போனில் அரை மணிக்கு ஒரு அலாரம் வைத்தேன். பட்டன் போன்தான். நான்காவது நாள் எல்லா அலாரத்தையும் அணைத்து வைத்திருந்தார்.

"மெஷின் கத்துச்சுன்னா நான் எழுந்துக்கணுமா? நான் இன்னா கடியாரமா?"

5

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒரு நாள் ஆபீஸில் தண்ணீர் பிடிக்க எழுந்தபோது அவருக்குப் போன் போட்டேன். அதற்குள் டீம் லீட் வந்துவிட்டதால் இரண்டு ரிங்கில் கட் செய்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு.

"ரெண்டு அடிச்சியே. ரைட்டுன்னு கெளம்பிட்டேன்."

"எங்கப்பா கெளம்பினே?"

"சமையக்கட்டு வரைக்கும். ஸ்டாப்புல ஆளு யாரும் இல்ல. திரும்பிட்டேன்."

அதோடு அது எங்கள் சட்டமாகிவிட்டது. அரை மணிக்கு ஒரு தடவை நான் எழுந்து வராண்டாவுக்குப் போய் இரண்டு ரிங் கொடுப்பேன். அவர் எழுந்து ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி என்று நடப்பார். நானும் வராண்டாவில் நடப்பேன். முடித்ததும் அவர் ஒரு ரிங் கொடுப்பார். ஒரு விசில், வண்டி நின்றாயிற்று. நான் போய் உட்காருவேன்.

"இப்ப நீதான் கண்டக்டர். நான் டிரைவர். நீ சொல்லாம நான் எடுக்க மாட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நான்கு மாதம். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். சாப்பாடு மாறவில்லை, மாத்திரை மாறவில்லை, காலை நடையும் அதேதான். நான் ஆபீஸ் முழுக்கப் பிரசாரம் செய்தேன். ஷோபாவைக்கூட எழுப்பி நடக்க வைத்தேன். "இவளோட ஒரே ரோதனைப்பா" என்று புலம்பிக்கொண்டே கூட வந்தாள்.

பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது.

6

புதுக் குழு ஆறாவது மாடியில்; ஷோபாவும் சில மாதத்தில் அங்கேயே வந்துவிட்டாள். அங்கே நோயாளிகளின் முழு விவரமும் திரையில் இருக்கும் என்பதால் உள்ளே போன் கூடாது. வாசலில் லாக்கர். எழுந்து போய் எடுத்துப் பேசலாம், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்த நேரத்தை எல்லாம் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும்.

விதிவிலக்குக்கு விண்ணப்பம் உண்டு. மூன்று பேர் ஒப்புதல் வேண்டும். காரணம் என்ன என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கச் சில பதில்கள் கொடுத்திருந்தார்கள். கர்ப்பம், கைக்குழந்தை, சொந்த நோய். அப்பா என்று எதுவும் இல்லை. 'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்து, 'என் தந்தை நடப்பதற்காக நான் இரண்டு ரிங் கொடுக்க வேண்டும்' என்று இங்கிலீஷில் எழுதினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஆதாரத்தை இணைக்கவும்.

எதை இணைப்பது? மிஸ்டு காலுக்கு என்ன சான்றிதழ் உண்டு? டாக்டரம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்தேன். 'பரிசீலனையில்' என்று காட்டியது. அப்படியே காட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாளைக்கு அடிக்கடி அடிக்க முடியாதுப்பா" என்றேன். "டீ டைம், சாப்பாட்டு டைம்ல மட்டும் அடிப்பேன். நடுவுல நீயே பாத்து எழுந்துக்கோ."

"சரிம்மா."

இந்தச் 'சரிம்மா'வை நான் நம்பினேன். வேலை புதிது, கற்றுக்கொள்ள நிறைய இருந்தது, நான் பறந்துகொண்டிருந்தேன். காலை நடை மட்டும் தவறவில்லை. அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதாது என்று ஊருக்கே பிரசாரம் செய்தவள் நான்.

7

அன்றைக்குப் பயிற்சி வகுப்பு. மதியச் சாப்பாடும் அறைக்குள்ளேயே கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள். காலை டீ நேரத்தோடு சரி, அதற்குப் பிறகு லாக்கர் பக்கம் போகவே முடியவில்லை. நாலு மணிக்குத்தான் ஓடிப் போய் இரண்டு ரிங் கொடுத்தேன். அங்கேயே நின்றேன். பதிலுக்கு அந்த ஒரு ரிங் வரவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று போனைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

ஆறரை மணிக்கு வீட்டுக்கதவைத் திறந்தபோது அப்பா சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தரையில் கிடந்தார். போன் கை எட்டாதபடி சோபாவுக்கு அடியில் போயிருந்தது. டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூப்பிட்டிருக்கிறார். கீழே ஜெயம்மாவுக்கு டிவி சத்தத்தில் பிரித்துக் கேட்கவில்லை.

இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கோபப்படத்தான் வந்தது.

"மத்தியானம் பூரா உக்காந்தே இருந்தியா?"

"ஆமா."

"ஏன்பா எழுந்துக்கல? நீயே எழுந்துக்கோன்னு சொன்னேன் இல்ல?"

"விசில் வரலியே கலைம்மா." சாதாரணமாகச் சொன்னார், வண்டி லேட்டானதற்குக் காரணம் சொல்கிற மாதிரி. "அப்புறம் நாலு மணிக்கு வந்துச்சு. சட்டுனு எழுந்தேன். காலு மரத்துப் போயி கெடந்துச்சு, தெரில. காலு இருக்குதுன்னு நெனச்சு வச்சுட்டேன்."

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் எழுந்து விழுந்தது என் விசிலுக்கு. உட்கார்ந்திருந்ததும் அதற்குத்தான்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்த பையன்கள் கன்னடத்தில் ஏதோ கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "இங்க மட்டும்தான் கூத்கொள்ளி சொல்லல. நேரா படுக்கச் சொல்லிட்டாங்க."

8

இரண்டாவது மாடிக்கு அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். அதற்கு மேல் பகலில் யார் இருப்பது? திருப்பத்தூரிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, வந்து பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுக்குக் கொண்டாந்து வுடு. கீழ்வூடு, பேச்சுத்துணைக்கு ஆளு கீது. நீ பொழப்ப பாரு" என்றார். நான் வேண்டாம் என்று அழுதேன். அப்பா எனக்கு முன்னால் சரி என்றுவிட்டார்.

ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் நுழைந்தபோது கண்ணாடி வழியாகத் தமிழ்ப் போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். டயர் கடை, பிரியாணி கடை, பல் ஆஸ்பத்திரி. சத்தமாக, விடாமல். ஒன்பது மாதமாகப் படிக்காமல் வைத்திருந்தவர்.

அவரை விட்டுவிட்டு வந்த மூன்றாவது வாரம் ஒரு மெயில் வந்தது. விதிவிலக்கு அனுமதிக்கப்பட்டது. லாக்கர் வராண்டாவில் போன் பயன்படுத்தலாம். தொண்ணூறு நாளைக்கு. பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

புதுப்பித்துக்கொண்டே இருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் பழைய வாக்கியமேதான். என் தந்தை நடப்பதற்காக.

9

வாக்கர் பிடித்து நடந்துவிடுவார் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பி, மறுபடி அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு ரிங் கொடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இரண்டு நிமிடம் கழித்து அங்கிருந்து ஒரு ரிங் வரும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாசல் வரை போகிறார், இன்னும் கொஞ்ச நாளில் தெருவுக்குப் போவார், அடுத்த வருஷம் தரைத்தளத்தில் வீடு பார்த்துக் கூட்டி வந்துவிடலாம் என்று மனசுக்குள் திட்டம் ஓடியது. போனில் கேட்டால், "நடக்கறேன், நடக்கறேன்" என்பார்.

போன மாதம் ஊருக்குப் போனேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த கால்கள் என் கை அளவுக்கு மெலிந்திருந்தன. வாக்கர் மூலையில், அதன் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அத்தையைப் பார்த்தேன்.

"அவரு எங்க நடக்கிறாரு?" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி. "எழுந்து நின்னு ஆறு மாசம் ஆவுது. நீ அடிச்சதும் போனைக் கையில எடுத்துக்கினு செவுத்து கடியாரத்தையே பாத்துக்கினு இருப்பாரு. ரெண்டு நிமிஷம் ஆனதும் உனக்கு ஒண்ணு அடிப்பாரு. கேட்டா, புள்ள அங்க எழுந்து நடக்குது, நான் நிறுத்தச் சொன்னாத்தான் போயி உக்காரும், கம்மியா நடந்துட்டு உக்காந்துடக் கூடாதுங்குறாரு."

அப்பா விழித்ததும் நான் எதையும் கேட்கவில்லை. "நல்லா நடக்கறியாப்பா?" என்று மட்டும் கேட்டேன். "உம். நீ?" என்றார். நானும் உம் என்றேன்.

10

ஷோபா இன்று மறுபடி கேட்டாள். "ஏன்டி, ஸ்லைடு ரெடியா? நீதான் பேசறேன்னு போஸ்டரே ஒட்டிட்டாங்க."

"நான் பேசல. வேற யாரையாவது பேசச் சொல்லு."

"யாகே, ஏன்டி? உனக்கு இன்னா ஆச்சு? உன்னை மாதிரி யாருடி எழுந்திருக்கறாங்க?"

என்ன பேசுவது? எழுந்து நடங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லலாம். உன்னை எழுப்புகிற ஆள் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதாது.

பதினொன்றரை ஆகிவிட்டது. எழுந்தேன். கம்ப்யூட்டர் என் நேரத்தைக் குறித்துக்கொண்டது. லாக்கரைத் திறந்து போனை எடுத்து இரண்டு ரிங் கொடுத்தேன். வராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன். கீழே ஓசூர் ரோட்டில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தன. திரும்பி வந்தேன். மறுபடி ஜன்னல் வரை போனேன். கால் வலித்தாலும் நிற்கக் கூடாது. அங்கே ஒருவர் படுத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கையில் போன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

நின்றேன்.